ஜெசிந்தா சிஸ்டரின் தூக்கம் வீட்டுக்கு வந்த கதை

ஊரடங்கு போட்ட ஏழாவது வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஜெசிந்தா சிஸ்டரின் தூக்கம் மட்டும் தனியாக நடந்து கரிசல்புதூர் தறித்தெருவுக்கு வந்து சேர்ந்தது. பஸ் ஓடாத காலம் என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று மைலும் வெயிலில் நடந்தே வந்திருந்தது. பல தடவை துவைத்து வெளுத்த போர்வையின் நிறத்தில், சிஸ்டரின் உயரமும் சிஸ்டரின் அகலமுமாக, நின்று நின்று வீங்கிய காலை மெல்ல ஊன்றிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சௌந்தரத்தின் வீட்டு மாடிப்படியில் ஏறி, பூட்டிக்கிடந்த கதவுக்கு முன்னால் போய்ச் சுருண்டு உட்கார்ந்தது. சாவி சிஸ்டரின் கைப்பையில் இருந்தது. தூக்கத்துக்கு ஏது சாவி?

வடகம் காயப்போட மாடிக்குப் போன சௌந்தரம்தான் அதை முதலில் பார்த்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. புருஷன் போய் ஒன்பது வருஷமாகிறது. மாடிப் போர்ஷனைச் சிஸ்டருக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே தனியாக இருக்கிறவள். பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக ஒரு நிமிஷம் சாய்ந்தவள், காக்காய்கள் வடகம் மொத்தத்தையும் தின்று தீர்த்து, நிழல் கிழக்கே நீண்ட பிறகுதான் கண் விழித்தாள். ஒன்றரை மாதத்தில் அவள் தூங்கிய முதல் தூக்கம் அது. அது தன்னுடைய தூக்கம் இல்லை என்பதும் அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் விழித்தபோது அவளுடைய வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணிக்கொண்டிருந்தது.

அந்தத் தெருவில் அப்போது தூக்கம் குதிரைக்கொம்பாக இருந்தது. இருநூறு விசைத்தறிகள் இரவு பகலாகக் கடகடவென்று ஓடிய தெரு. அங்கே பிறந்த பிள்ளைகள் தாலாட்டைவிடத் தறிச்சத்தத்தைக் கேட்டுத் தூங்கியதுதான் அதிகம், வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் போன இடத்தில் அமைதி தாங்காமல் அழுது திரும்பி வந்த கதையெல்லாம் உண்டு. ஊரடங்கில் தறிகள் நின்றதும் தெரு மொத்தமும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தது, பிறகு படுக்கவே இல்லை. சத்தம் இல்லாத பயம் ஒரு பக்கம், நோய்ப்பயம் ஒரு பக்கம், ஒரு வீட்டில் தும்மினால் மூன்று வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும் பயம் இன்னொரு பக்கம். எல்லோரும் சிவந்த கண்ணோடு ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தா சிஸ்டர் அந்த மாடிக்குக் குடிவந்து நாலு வருஷம். முப்பத்தெட்டு வயது, புருஷன் மஸ்கட்டில் விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார், மகளை நாத்தனார் வீட்டில் விட்டிருந்தாள். தெருவில் யாருக்கு ஊசி போடவேண்டுமென்றாலும், யாருக்குப் பிரஷர் பார்க்கவேண்டுமென்றாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்காக ஊரே வாசலில் நின்று கைதட்டியபோது, சௌந்தரம் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டித் தட்டி விளிம்பை நசுக்கியே விட்டாள். அவ்வளவு பிரியம். சிஸ்டரைக் கொரோனா வார்டில் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அதே தெரு சௌந்தரத்தின் வாசலில் வந்து முறையிட்டு நின்றது. சௌந்தரம் போன் போட்டாள். கொஞ்ச நாளைக்கு அங்கிட்டே தங்கிக்க தாயி, எனக்கு சுகர் வேற இருக்கு, நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்க என்றாள். சிஸ்டர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரிக்கா என்றாள். அந்தச் ‘சரிக்கா’வைச் சௌந்தரத்தால் அன்றுமுதல் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அதனால்தானோ என்னவோ, சிஸ்டரை வராதே என்று சொன்னவள் சிஸ்டரின் தூக்கத்தை வராதே என்று சொல்லவில்லை. தன்னிடமிருந்த மாற்றுச்சாவியால் கதவைத் திறந்து, கொட்டாவிக்கு நடுவே பாய் விரித்து, தூக்கத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். மூன்று மாதக் குழந்தையின் கனம்தான் இருந்தது. டெட்டாலும் வியர்வையும் கலந்த வாசம் அடித்தது. தண்ணீர்ச் செம்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்தாள், அது தொடவில்லை.

இந்தமாதிரி விஷயத்தை மூடிவைக்க முடியுமா? மறுநாளே எதிர்வீட்டில் வீறிட்டு அழுதுகொண்டிருந்த கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு அதன் தாய் வந்தாள், இருவரும் மூன்று மணி நேரம் கழித்துச் சிரித்த முகத்தோடு போனார்கள். அதற்கடுத்த நாள் படிக்கட்டு நிறைந்துவிட்டது. டீக்கடை ஹமீது பாய், கடை திறக்க முடியாமல் கை அரித்துக்கொண்டிருந்தவர், பொறுப்பை எடுத்துக்கொண்டு அட்டையை வெட்டி டோக்கன் போட்டார். காலையில் கைக்குழந்தைக்காரிகள், பிறகு கர்ப்பிணிகள், பிறகு வயசானவர்கள், மத்தியானத்துக்கு மேல் தறிக்காரர்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம், ஆறடி இடைவெளி, முகக்கவசம் கட்டாயம், குறட்டை விடுகிறவர்கள் வராந்தாவில். ஒருவர் கற்பூரம் ஏற்றினார், ஒருவர் மெழுகுவர்த்தி வைத்தார், பாய் தன் பங்குக்கு ஓதிய தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார். தூக்கம் எதையும் வேண்டாமென்றும் சொல்லவில்லை, வேண்டுமென்றும் கேட்கவில்லை.

நகராட்சியிலிருந்தும் வந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர் யாராக இருந்தாலும் பரிசோதனை செய்யவேண்டும் என்று உத்தரவு. சுகாதார ஆய்வாளர் குச்சியும் குழாயுமாக மாடி ஏறினார், தூக்கத்துக்கு மூக்கு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாமல் சுற்றிச்சுற்றிப் பார்த்தார், அப்படியே சாய்ந்து இரண்டு டோக்கன் நேரம் தூங்கினார். எழுந்து, அறிகுறி ஏதுமில்லை என்று எழுதி, பதினாலு நாள் தனிமை என்று கதவில் ஸ்டிக்கர் ஒட்டி, எல்லோருக்கும் கபசுரக் குடிநீர் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் தன் சம்சாரத்தையும் அழைத்துக்கொண்டு டோக்கன் வாங்க வந்தார்.

ஒன்றுமட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அந்தத் தூக்கத்துக்குப் பக்கத்தில் படுத்தவர்கள் எல்லோரும் ஒரே கனவைக் கண்டார்கள். நீளமான ஒரு கூடம், பன்னிரண்டு கட்டில்கள், ஜன்னல் பக்கம் ஓயாமல் உஸ்ஸென்று ஒரு சத்தம். உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு, வியர்வை கண்ணில் இறங்க, துடைக்க முடியாமல், கட்டிலுக்குக் கட்டில் அவர்களே நடந்தார்கள். மூச்ச இழுங்கய்யா, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான் என்று தூக்கத்தில் உளறினார்கள். விழிக்கும்போது மூக்குத்தண்டில் வடு இருந்தது, விரல்கள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கியிருந்தன. பெண்டாட்டிக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக்கொடுத்தறியாத தறிக்காரர் ஒருவர் விழித்து உட்கார்ந்து, யாருக்காக என்று தெரியாமலே விசும்பி விசும்பி அழுதார். ஆனாலும் தூங்கியது தூங்கியதுதானே. தெரு தெளிந்தது, பிள்ளைகள் சிரித்தன, கதவுகள் திறந்தே இருந்தன.

படி ஏறாதவள் ஒருத்திதான். பவுனுத்தாய், நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. காலையில் ஆஸ்பத்திரி வார்டைக் கூட்டிவிட்டு, பத்து மணிக்கு மேல் குப்பை வண்டியோடு தறித்தெருவுக்கு வருகிறவள். பாய் அவளுக்கு டோக்கன் இல்லாமலே இடம் தருவதாகச் சொன்னார். அவள் வண்டியை நிறுத்தாமலே வேண்டாம் என்றுவிட்டாள். பத்தொன்பதாம் நாள் வண்டியை நிறுத்தி, சௌந்தரத்தை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“பசிச்சா அடுத்தவுக சோத்தக்கூடத் திங்கலாம்க்கா. அடுத்தவுக தூக்கத்தத் தூங்கக் கூடாது,” என்றாள். “அந்தப் புள்ள அங்க சாகக் கிடக்கு.”

பிறகு விவரமாகச் சொன்னாள். தூக்கம் கிளம்பிப்போன நாளிலிருந்து சிஸ்டர் கண்ணை மூடவில்லை. முதல் வாரம் யாரும் கவலைப்படவில்லை. வேலைக்கு வந்த நர்சுகளில் பாதிப்பேர் காய்ச்சலில் விழுந்துவிட்டிருந்த நேரத்தில் தூங்காத நர்சு கிடைத்தது வரம் என்று நினைத்து, ஒரு டூட்டிக்கு மூன்று டூட்டியாகப் போட்டார்கள். சிஸ்டரும் சரி என்றாள், அவளுக்குத்தான் வேறு வார்த்தையே தெரியாதே. இரண்டாவது வாரம் தடுமாற ஆரம்பித்தாள். தண்ணீர் குடித்தோமா என்று மறந்து குடிக்காமல் இருந்தாள், அழவேண்டிய இடத்தில் சிரித்தாள். முந்தின நாள் ஊசியோடு தப்பான கட்டிலின் முன்னால் போய் நின்றுவிட்டாள், சிஸ்டர் எனக்கில்ல பக்கத்து பெட்டுக்கு என்று அந்த நோயாளியே சொன்னார். டாக்டர் அவளுடைய நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, இன்னும் இரண்டு நாளில் தூங்காவிட்டால் இருதயம் தாங்காது என்று சொல்லி, லீவு எழுதி, வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார். எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் சிஸ்டர் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

சௌந்தரம் மாடிக்கு ஓடினாள். அவள் அதைக் கவனித்துப் பார்த்துப் பல நாளாகியிருந்தது. சிஸ்டரின் உயரத்துக்கு வந்த தூக்கம் ஒரு துண்டின் அளவுக்குத் தேய்ந்து, நடுவில் இழை தெரிய, கைக்குழந்தைகளுக்கும் தறிக்காரர்களுக்கும் நடுவே கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்தபோது அரைக் கொட்டாவிதான் வந்தது. அங்கேயே நின்று போன் போட்டு, வா தாயி என்றாள். வா தாயி, உன் வீடு என்று இன்னொரு தரம் சொன்னாள்.

செய்தி பரவியதும் தெரு மறுபடியும் அவள் வாசலில் வந்து நின்றது. போன தடவை நோய் வந்துவிடும் என்று பயந்தவர்கள், இந்தத் தடவை தூக்கம் போய்விடும் என்று பயந்தார்கள். நியாயமும் பேசினார்கள்: ஒருத்திக்கு ஒரு தூக்கம், அதையே அறுபது வீடு பகிர்ந்துகொள்கிறது, எது பெரிது? கைக்குழந்தைக்காரி ஒன்றும் பேசாமல் பிள்ளையை அணைத்துக்கொண்டு நின்றதுதான் சௌந்தரத்துக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அவள் அசையவில்லை. டோக்கன் கட்டைப் பாயிடம் கேட்டாள். பாய் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு தானே கிழித்துப்போட்டார்.

அன்றைக்கே மத்தியானம் இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் சிஸ்டரைத் தெருமுனையில் இறக்கிவிட்டது. முகம் காகிதமாக வெளுத்திருந்தது, மூக்கில் முகக்கவசப் பட்டை அழுத்திய புண். இருபுறமும் நிற்கிறவர்களைப் பார்த்து ஒரு பாட்டியிடம் பிரஷர் மாத்திரை போடுறீங்களா என்று கேட்டாள், அது பழக்கம். மாடி ஏறி, தன் தூக்கத்துக்குப் பக்கத்தில் படுத்தாள்.

தூக்கம் நகர்ந்து சுவரோரம் போய்விட்டது.

அவளும் நகர்ந்தாள். அது இன்னும் ஒதுங்கியது. மூன்று தரம் அப்படி நடந்தது. படிக்கட்டில் நின்றவர்கள் கொட்டாவி விட்டார்கள், பாய் நின்றவாக்கிலேயே ஒரு கண் அயர்ந்தார், சிஸ்டருக்கு மட்டும் இமை மூடவில்லை. சௌந்தரம் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். பத்தொன்பது நாளில் நாடி பார்க்கக் கற்றிருந்தாள், அது இரண்டு அடித்து ஒன்று தவறியது.

“வரமாட்டேங்குதுக்கா,” என்றாள் சிஸ்டர்.

அப்போது பவுனுத்தாய் முதல்முறையாகப் படி ஏறி வந்தாள். டூட்டியை ஒப்படைத்துவிட்டு வந்தாயா, அப்படியே வந்தாயா என்று கேட்டாள். எழுதிக் கொடுத்துட்டுத்தான் வந்தேன் என்றாள் சிஸ்டர். நர்சுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு: டூட்டி முடிந்து போகிறவள், வருகிறவளைக் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய், இவர் இன்னார், இப்படி இருக்கிறார், இன்னது செய்யவேண்டும் என்று வாயால் சொல்லவேண்டும்; வருகிறவள் சரி, நான் எடுத்துக்கிட்டேன் என்று வாயால் சொல்லவேண்டும். அப்புறம்தான் போகிறவள் போகலாம். கொரோனா வார்டில் அது நின்றுபோயிருந்தது. உள்ளே போன காகிதம் வெளியே வரக்கூடாது, கவச உடையில் பேசினால் காதில் விழாது. அதனால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார்கள், அந்தப் பக்கம் இருப்பவள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள், இரண்டு பேரும் ஒப்படைத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அத்தனை நாளில் யாரும் சிஸ்டரிடம் எடுத்துக்கிட்டேன் என்று சொல்லவில்லை. அவள் டூட்டி முடியவே இல்லை.

“எங்ககிட்டச் சொல்லு,” என்றாள் பவுனுத்தாய்.

சிஸ்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எதிரே வராந்தாவிலும் படிக்கட்டிலும் தெரு உட்கார்ந்தது.

“ஒண்ணாம் பெட், காளிராஜ், அறுபத்திரெண்டு வயசு. பன்னெண்டு நாளா ஆக்சிஜன்ல இருக்காரு. மூச்சுக்குக் குப்புறப் படுக்கச் சொன்னா மாட்டேம்பாரு, கொஞ்சம் அதட்டணும். காது மந்தம், பேத்தி போன் பண்ணினா ஸ்பீக்கர்ல போட்டு விடணும்.”

ஹமீது பாய், “பச்சைக் கட்டம் போட்ட கைலி கட்டியிருப்பாரே, அவருதான சிஸ்டர்?” என்றார். அவருதான் பாய் என்றாள் அவள். நான் எடுத்துக்கிட்டேன் என்றார் பாய். சுவரோரம் கிடந்த தூக்கம் ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்ந்தது.

“ரெண்டாம் பெட்ல மூணு பேரு படுத்துட்டாங்க. இப்ப ஒரு காலேஜ் பொண்ணு, பரவாயில்ல. அதுக்கு முன்னாடி இருந்த ரெண்டு பேரும் இல்ல.” அவள் நிறுத்தினாள். போனவர்களை ஒப்படைப்பதில்லை, அது வழக்கத்தில் கிடையாது. ஆனால் வாய் நிற்கவில்லை. “முதல் ஆளு கண்டக்டர். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தண்ணி கேட்டு சைகை காட்டினாரு. கவச உடை மாட்டிட்டு உள்ள போக இருபது நிமிஷம் ஆச்சு. நான் போனப்ப டம்ளர் மட்டும்தான் கையில இருந்துச்சு எனக்கு.”

“அவர நான் எடுத்துக்கிட்டேன்,” என்றாள் பவுனுத்தாய். “வருசா வருசம் தண்ணி வச்சு விடுறேன். நீ விடு.”

கட்டில் கட்டிலாகப் போனது. காலேஜ் பெண்ணைக் கைக்குழந்தைக்காரி எடுத்துக்கொண்டாள். ஆறாம் கட்டிலில் புருஷன் செத்தது தெரியாமல் அவரைக் கேட்டுக்கொண்டே இருக்கும் அம்மாளை, அழுத தறிக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் கனவில் அழுதது அந்த அம்மாளுக்காகத்தான் என்பது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது. சுகாதார ஆய்வாளர்கூடத் தன் சம்சாரத்துக்குப் பின்னால் நின்றபடி ஒன்பதை எடுத்துக்கொண்டார். இருப்பவர்களும் போனவர்களுமாகப் பன்னிரண்டு கட்டிலும் முடிந்தபோது தூக்கம் சிஸ்டரின் பாதத்துக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. அதற்குமேல் வரவில்லை. சிஸ்டர் உதடு வறண்டு, வார்டுல அவ்வளவு பேருதான் என்றாள்.

அவ்வளவு பேர் இல்லை என்பது சௌந்தரத்துக்குத் தெரிந்தது. அவள் எழுந்து, இத்தனை நாள் கனவில் நடந்து பழகிய நடையில் வந்து, சிஸ்டரின் முன்னால் நின்று தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

“பதிமூணாம் பெட், ஜெசிந்தா, முப்பத்தெட்டு வயசு. பத்தொம்பது நாளாத் தூங்கல. கால் வீங்கியிருக்கு. சாப்பிட்டியான்னு யாரும் கேக்கல. வீட்டுக்காரி வராதேன்னு சொல்லிட்டா.” குனிந்து சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் எடுத்துக்கிட்டேன்.”

சிஸ்டர் அன்றைக்குத்தான் அழுதாள். சரிக்கா என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் அழுதாள், அழுதுகொண்டே சரிந்தாள், தூக்கம் காலிலிருந்து மேலேறி அவளை மூடிக்கொண்டது. துண்டாக இருந்தது போர்வையாக நீண்டதைத் தெரு பார்த்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு தறித்தெருவில் யாருக்கும் தூக்கம் வரவில்லை, யாரும் அதைப் பெரிதாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. அவரவர் கட்டில் அவரவருக்கு இருந்தது. பாய் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் காளிராஜ் குப்புறப் படுத்தாரா என்று கேட்டார், சொந்தமா என்று கேட்டவர்களிடம் என் பெட்டு என்றார். சிஸ்டர் விழித்துவிடக்கூடாதென்று தெருவில் குக்கர் விசிலைக் கழற்றிவிட்டுத்தான் சோறு பொங்கினார்கள். சௌந்தரம் மாடிவாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சிஸ்டரின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் காலையில் சிஸ்டரின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. ஆள் பற்றாக்குறை, சிஸ்டரால் இன்றைக்கே வர முடியுமா, ஒரு டூட்டி மட்டும் போதும் என்று கெஞ்சலாகக் கேட்டார்கள். கேட்ட குரலும் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்த குரல்தான், சௌந்தரத்துக்கு அது புரிந்தது. அவள் ஜன்னல் வழியே உள்ளே பார்த்தாள், சேலைத் தலைப்பால் போனோடு வாயையும் மூடி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“சிஸ்டர் தூங்குறாங்க. எந்திரிச்சதும் சாப்பிடுவாங்க. சாப்பிட்டுட்டு மறுபடி தூங்குவாங்க. நீ என்னிக்குத் தாயி கடைசியாத் தூங்கின? டூட்டி முடிஞ்சதும் இங்க வா, பாய் விரிச்சு வைக்கிறேன்.”